தந்தை தொழில்: தண்டல்

மே 8

ரிசல்ட் வந்துவிட்டது. இயற்பியல் 81, வேதியியல் 79, கணிதம் 88, இங்கிலீஷ் 90. தெருவில் ஐந்து பேர் கேட்டார்கள், ஐந்து பேரும் "பரவால்லயே" என்றார்கள். தூத்துக்குடியில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் "பரவால்லயே"தான். அடுத்த கேள்வி, அடுத்து என்ன. இன்ஜினியரிங் என்றால் "எல்லாரும் அதத்தான படிக்காங்க" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றால் அம்மா பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளை நிற்கிறான் என்று எனக்குத் தெரியும்.

இந்த டைரி டெரிக் கொடுத்தது. டெரிக் என் மாமா மகன். யாரோ ஒரு ஷிப்பிங் ஏஜென்சிக்காரர் அவனுக்குக் கொடுத்தாராம், அவனுக்கு எழுத ஒன்றும் இல்லையாம். அது உண்மைதான்.

மே 11

டெரிக் இழுத்ததால் போனேன். "மெர்ச்சன்ட் நேவியில் எதிர்காலம்", இலவசக் கருத்தரங்கு. கல்யாண மண்டபம். வாசலில் நேற்றைய கல்யாணத்து வாழைமரம் அப்படியே நிற்கிறது, அதற்கு மேலே "கடல் உங்களை அழைக்கிறது" என்று ஃப்ளெக்ஸ். எங்கள் வீட்டிலிருந்து கடல் நானூறு அடி. இதுவரை என்னை அழைத்ததில்லை. மழைக்காலத்தில் சாக்கடை வழியாக வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

மேடையில் ஒருவர். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கக் கோடு. எல்லாரும் அவரைக் கேப்டன் சார் என்றார்கள். ஒரு பக்கத்துக் கோடு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் நீச்சல்குளம் உண்டு, ஜிம் உண்டு, சூரிய அஸ்தமனம் தினமும் உண்டு என்றார். எந்தக் கப்பலில் இருந்தீர்கள் சார் என்று கேட்டேன். "நிறைய கப்பல்மா" என்றார். கடைசியாக எது என்றேன். "எல்லாரும் டீ குடிங்க" என்றார்.

பெண்கள் என்று பார்த்தால் மூன்று பேர். எங்களை எழுந்து நிற்கச் சொல்லி மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். நாங்கள் அதுவரை செய்த சாதனை உட்கார்ந்திருந்ததுதான்.

கேலி செய்வதற்கும் விவரம் வேண்டுமே என்று சிலதைக் குறித்துக்கொண்டேன். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து அறுபது சதவீதம். கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை. நிறங்கள் சரியாகத் தெரிய வேண்டும். நுழைவுத் தேர்வு, பிறகு ஏதாவது ஒரு கம்பெனி இன்டர்வியூ வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் படிப்பு, ஒன்றரை வருஷம் கப்பலில் பயிற்சி, பரீட்சை எழுதினால் மூன்றாம் அதிகாரி. மூன்றாம் அதிகாரியின் வேலை, கப்பலின் உச்சியில் இருக்கிற பிரிட்ஜ் என்ற அறையில் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருப்பது. இதற்கா இத்தனை பரீட்சை.

மே 16

தோணியைக் கட்டிப் போட்டாயிற்று. தென்மேற்குக் காற்று எழும்பினால் ஆகஸ்ட் கடைசி வரை தோணி ஓடாது. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் சுமக்கிற முந்நூறு டன் மரப்பெட்டி பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எங்கள் அப்பா வீட்டில் கட்டிக் கிடப்பார். கப்பலுக்குக் கேப்டன் என்றால் தோணிக்குத் தண்டல். ரெமிஜியுஸ் தண்டல் என்றால் துறைமுகத்தில் தெரியாத ஆளில்லை என்பாள் அம்மா. துறைமுகத்தைத் தாண்டித் தெரிந்த ஆளே இல்லை என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

இனி மூன்றரை மாதம் குக்கர் விசிலை எண்ணுவார். ஃபிரிட்ஜ் கதவை நான் சாத்தியபிறகு இன்னொருமுறை போய்ச் சாத்துவார். கடலில் ஏழு பேரை அதட்டிய வாய், இங்கே அதட்ட ஆளில்லாமல் தொட்டி மோட்டாரை அதட்டும்.

இன்று மருந்துக்கடைக்கு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியது. நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். செங்கல் துண்டு. வந்து ஏறினார். அடுத்த தெருவில் ஒரு தேங்காய் மட்டை. அதற்கும் இறங்கினார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

"மட்டையப் பாத்து என்னப்பா பண்ணப் போறீங்க?"

"பாத்துட்டா நல்லதுலா" என்றார்.

பத்து நிமிஷ வழிக்கு அரைமணி நேரம். மாலத்தீவில் இருக்கிற மாலேக்குப் போக ஏன் நான்கு நாள் ஆகிறது என்று இன்றுதான் புரிந்தது.

மே 19

பொழுது போகவில்லை, அதனால் விண்ணப்பித்தேன். பம்பாய்க் கம்பெனி ஒன்று. நாற்பது கப்பல் வைத்திருக்கிறார்களாம். மேடைக் கேப்டன் சாரின் கோச்சிங் வகுப்பில் டெரிக் சேர்ந்திருக்கிறான், நான் சேரவில்லை. தொங்குகிற கோட்டைத் தைக்கத் தெரியாதவர் எனக்கு என்ன சொல்லித் தரப் போகிறார்.

படிவத்தில் "தந்தை தொழில்" என்ற கட்டம். அரசு, தனியார், விவசாயம், வியாபாரம், மற்றவை. மற்றவையைத் தட்டி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தண்டல் என்று அடித்தேன். வேறென்ன அடிப்பது. கப்பல் கம்பெனிக்காரனுக்குத் தண்டல் என்றால் தெரியாதா.

ஜூன் 2

திருநெல்வேலியில் நுழைவுத் தேர்வு. வாசலில் பிள்ளைகளைவிட அப்பாக்கள் அதிகம். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் பாட்டில், முகத்தில் அவர்களே எழுதப்போகிற கலக்கம். நான் பஸ்ஸில் தனியாகப் போய், தனியாக எழுதி, ஒரு அல்வாத் துண்டு தின்றுவிட்டு வந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 13

பாஸ். நல்ல ரேங்க். டெரிக் பாஸ் இல்லை. மாமா வீட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை, கேள்வித்தாளை நான் தயாரித்தது போல.

இந்த டைரியில் பொழுது போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். எனக்கு இது வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு படம் காட்டினார்கள், பிரிட்ஜிலிருந்து எடுத்தது. சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே தண்ணீர், நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அங்கே நான் நிற்க வேண்டும். எழுதிவிட்டேன், போதும்.

ஜூன் 18

மருத்துவப் பரிசோதனை. டாக்டர் புள்ளிப் புள்ளியாகக் கலர் போட்ட புத்தகத்தைக் காட்டி "என்ன எண்?" என்றார். எழுபத்தி நாலு என்றேன். அடுத்தது ஆறு. பதினைந்து பக்கமும் சொன்னேன். எதுவும் தெரியாத பக்கம் ஒன்று இருந்தது. தெரியவில்லை என்றேன். "அதுல ஒண்ணும் கிடையாதும்மா, பொய் சொல்றாங்களான்னு பாக்கத்தான்" என்றார். நல்ல ஊர், நல்ல டாக்டர். கண் இரண்டும் முழுப் பார்வை.

ஜூன் 21

இருபத்தேழாம் தேதி இன்டர்வியூ, சென்னையில். இன்று சாப்பிடும்போது வீட்டில் இதுதான் பேச்சு.

"அங்க எங்கட்டி குளிப்ப? ஆம்பிளைக இருவது பேரு இருப்பாங்களாம்லா" என்றாள் அம்மா. பதினேழு வருஷம் வளர்த்த மகள் நடுக்கடலுக்குப் போகிறாள், அம்மாவின் கவலை பாத்ரூம்.

"போயி பாத்துட்டு வரட்டும். கெடச்சா யோசிப்போம்" என்றார் அப்பா. கிடைக்காது என்கிற நம்பிக்கை அதில் கொஞ்சம் இருந்தது.

பிறகு வழக்கமான பாட்டு. "கப்பல்காரன் கீழ பாக்க மாட்டான். நாம லைட்டக் காட்டுவோம், துணியக் கொளுத்திக் காட்டுவோம். அவன் பாட்டுக்கு வருவான். மரத்தோணி அவன் ரேடார்ல ஒழுங்கா விழாது. கண்ணாலதான் பாக்கணும். கண்ணு அங்கன இருக்காது."

"அப்ப நான் போனா ஒரு கண்ணு கூடும்லா" என்றேன்.

அப்பா மீன்முள்ளை எடுத்து இலையோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். கப்பல்காரன் மேல் இவருக்கு இருக்கிற பொறாமை கடலில் கொட்டினால் கடல் மட்டம் உயரும்.

ஜூன் 27

சென்னை. அம்மாவும் நானும் ரயிலில் வந்தோம். நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பறையில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பிறகு போட்டுக்கொண்டாள். சுற்றிலும் டை கட்டிய பையன்கள், எல்லாரும் ஒரே கோச்சிங்கில் வார்க்கப்பட்டவர்கள். "கடல் என் கனவு" என்று ஒருவன் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற கேப்டன், வடக்கத்திக்காரர், வெள்ளைத் தாடி, கோடு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் அலுவலகத்து அம்மாள். மறுபக்கம் சென்னைக்காரர் ஒருவர், சீஃப் இன்ஜினியராம். அவர்தான் என் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்டலா? அப்பா வட்டிக்கு விடுறாராம்மா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினார். கடன் கொடுத்துவிட்டுத் தினமும் வீட்டு வாசலில் வந்து வசூல் செய்கிறவர் என்று. "அப்படியென்றால் ஃபீஸ் பிரச்சினை இல்லை" என்றாள் அந்த அம்மாள். மூவரும் சிரித்தார்கள்.

சென்னையில் தண்டல் என்றால் அதுதானாம். நான் பதினேழு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைக்கு இங்கே கதவைத் தட்டி மிரட்டுகிறவன் என்று அர்த்தம். கோபத்தில் காது சூடாகிவிட்டது. சிரித்து விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை.

"இல்லை சார். முந்நூறு டன் மரக்கலத்தின் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாகத் தூத்துக்குடி, மாலே" என்றேன்.

சிரிப்பு நின்றது. கேப்டன் முன்னால் சாய்ந்தார். என்னென்ன கருவி இருக்கிறது என்றார். காம்பஸ், ஒரு சின்ன ஜிபிஎஸ் என்றேன். ரேடார்?

"கண், சார். ஏழு பேருக்குப் பதினான்கு."

கப்பல்கள் அருகே வந்ததுண்டா என்று கேட்டார். மூன்று முறை என்றேன். மூன்று முறையும் எங்கள் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பிரிட்ஜில் ஒரு தலைகூடத் தெரியவில்லை, உங்கள் கம்பெனிக் கப்பலா என்று எனக்குத் தெரியாது, இருக்கவும் செய்யலாம் என்றேன். அலுவலகத்து அம்மாள் பேனாவை மூடினாள். சரி, ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று நான் யோசிக்க ஆரம்பித்தபோது கேப்டன் கேட்டார்.

"உன் அப்பா?"

"என் அப்பா இருபத்தாறு வருஷத்தில் ஒருவரையும் இடித்ததில்லை சார். ஏனென்றால் அவர் பார்க்கிறார்."

இதை வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இடித்திருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா. கேப்டன் ஏதோ எழுதினார்.

வெளியே அம்மா, "நல்லா சொன்னியாட்டி?" என்றாள். சண்டை போட்டேன் என்றேன். "அய்யோ மாதாவே" என்றாள்.

ஜூலை 4

கிடைத்துவிட்டது.

கம்பெனியிலிருந்து மெயில். ஆகஸ்ட் ஆறு சேர வேண்டும். பதினெட்டு முடிய எனக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதால் அப்பா, அம்மா இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் படிவம் போய்ச் சேரவில்லை என்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

அம்மா அழுதுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நான் இன்டர்வியூவை நடித்துக் காட்டினேன். வட்டிக்காரன் கட்டத்தில் அம்மா விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பதினான்கு கண் என்றபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, எனக்குத் தெரிந்தது. இவரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லி இவர் கேட்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். அதனால் கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஒருவரையும் இடித்ததில்லை, ஏனென்றால் அவர் பார்க்கிறார்.

அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"சந்தோசத்துல தொண்ட அடைச்சிருக்கும்" என்றாள் அம்மா. இருக்கும்.

ஜூலை 6

படிவம் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவையும் அதன் மேல் வைத்திருக்கிறேன். அப்பா மூன்று முறை ரிமோட்டை எடுத்தார், பேனாவை எடுக்கவில்லை.

ஜூலை 8

நேராகவே கேட்டேன். "போட முடியாதுளா" என்றார். ஏன் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். தோணியில் பலகை இடுக்குகளுக்குப் பஞ்சு அடைக்கிறார்களாம், இவர் பக்கத்தில் நிற்காவிட்டால் பஞ்சு உள்ளே போகாதாம்.

எனக்குப் புரிகிறது. இருபத்தாறு வருஷம் மரப்பெட்டியில் அண்ணாந்து பார்த்தவருக்கு மகள் மேலே நின்று குனிந்து பார்ப்பது பொறுக்கவில்லை. போகட்டும், கிடைக்காது என்று நினைத்துத்தான் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். ஆம்பிளைகளின் பெருமை எவ்வளவு மெல்லிய கண்ணாடி. இந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே அம்மாவின் ஆயுள் போய்விட்டது. அதற்கு நான் ஆளில்லை.

ஜூலை 9

அம்மா கேட்டாள். அவளுக்கும் துறைமுகம்தான் பதில். "பொட்டப்புள்ளன்னு பயப்படுதாரு" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். பயப்படுகிறவர் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

நான் அவரை வெறுக்கிறேன். இதை எழுத ஒரு நாள் யோசித்தேன், யோசித்த பிறகும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூலை 10

படிவத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கே போனேன். கேட்டில் இருந்தவர் "யாரு?" என்றார். ரெமிஜியுஸ் தண்டல் மகள் என்றேன். சென்னையில் சொல்லியிருந்தால் கடனைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

மத்தியானம். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா தோணி நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கவரை அவர் மடியில் வைத்தேன்.

"போடுங்க. இல்லன்னா ஏன் போட மாட்டேங்கீங்கன்னு சொல்லுங்க. நான் பொட்டப்புள்ளங்கதுனாலயா?"

"இல்ல."

"கப்பல் முங்கிரும்னு பயமா?"

"முங்குனா நீ நீச்சலடிச்சு வந்துருவ. அந்தப் பயமெல்லாம் இல்ல."

"அப்ப பொறாம."

அதற்கு அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நீ அங்கன போயி என்னத்தளா சொன்ன?" என்றார். "அத இன்னொருவாட்டி சொல்லு."

"எங்க அப்பா யாரையும் இடிச்சதில்லன்னு சொன்னேன்."

"ஆரு சொன்னா ஒனக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நடுவில் என் புத்திசாலித்தனம் எதுவும் வேண்டாம்.

"ரெண்டாயிரத்துப் பதிமூணு, மார்ச்சு. மாலேலயிருந்து வாரோம். கரைக்கு இருவது மைலு இருக்கும். விடியப் போற நேரம். நான் முன்னால நின்னு பாக்கணும். நான் நிக்கல. உள்ள உக்காந்து தேயில குடிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். மரத்துல மரம் பட்ட மாதிரி. சுக்கான் பிடிச்சவன் என்னயப் பாத்தான். நான், மரக்கட்டை, விடுன்னேன். விட்டுட்டான்."

"மரக்கட்டைதானா?"

"தெரியாது. நான் எட்டிப் பாக்கல."

"ஏன்?"

"பாத்தா தெரிஞ்சிரும்லா."

அவரே தொடர்ந்தார். "சின்ன வள்ளத்துல ஒத்த ஆளு போவாம்லா, லைட்டு கூட இருக்காது. அந்த மாசம் பூராவும் பேப்பர்ல தேடுனேன். எந்த ஊர்லயும் ஆளக் காணும்னு வரல."

"அப்ப மரக்கட்டதான்ப்பா."

"ஆமா. மரக்கட்டையாத்தான் இருக்கும்" என்றார். பதினோரு வருஷமாக இதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவர் குரல் அது.

"பொழுது விடிஞ்சப்பெறவு பின்னால திரும்பிப் பாத்தேன். தண்ணியில ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னதும் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அதத்தான் என்னால இன்னும்..."

கவரை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அங்க ஒசரத்துல நீ நிக்கையில ஒனக்கும் ஒரு நா சத்தம் கேக்கும். நம்ம கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது. யாரும் கேக்கவும் மாட்டான். அன்னைக்கு நீ என் மவளா இருந்துரக்கூடாது. அதான் போடல."

ஜூலை 11

எழுத ஒன்றும் வரவில்லை. கேலி செய்ய ஆள் கிடைக்காத நாள்.

ஜூலை 12

அந்த இடம் எனக்கு எதனால் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். மார்க்கால் அல்ல, அந்த ஒரு வரியால். அந்த வரியை நான் கட்டிச் சொன்னேன்.

வெள்ளைத்தாடிக் கேப்டனுக்குக் கம்பெனியின் மெயில் முகவரியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள்.

"நான் இன்டர்வியூவில் சொன்ன ஒன்று சரியில்லை. 2013 மார்ச்சில் என் தந்தையின் தோணியில் ஒரு சத்தம் கேட்டது. அவர் பார்க்கவில்லை. அதனால் அவர் யாரையாவது இடித்தாரா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு இடம் உண்டா என்று சொல்லுங்கள்."

அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தோடு என் கப்பல் போய்விடும்.

"என் பேரு போட்டிருக்கியா?" என்றார்.

"இல்லப்பா. தண்டல்னு மட்டுந்தான் போட்டிருக்கேன்."

"பேரையும் போடு."

போட்டேன். ரெமிஜியுஸ் கொரேரா. அனுப்பினேன்.

ஜூலை 13

கம்பெனியிலிருந்து பதில். ஆவலாகத் திறந்தேன். "உங்கள் கேள்விக்கு நன்றி. உங்கள் புகார் எண் 40718. எங்கள் சேவையை ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடவும்." என் அப்பாவின் பதினோரு வருஷத்துக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது கப்பலை நடத்துகிறவர்கள் இவர்கள். ஒரு நட்சத்திரம் போட்டேன்.

ஜூலை 15

கேப்டனிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. டெரிக் கேட்டரிங் படிப்பில் சேர்ந்துவிட்டான். வெங்காயம் நறுக்கினால் அழுகிறானாம். மாமி இதைப் பெருமையாகச் சொல்கிறாள்.

நான் சோறு சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்பாவும் சாப்பிடவில்லை.

ஜூலை 17

காலையில் கேப்டனிடமிருந்து வந்தது. இரண்டே வரி. "படித்தேன். ஒப்புதல் படிவத்தை நாளைக்குள் அனுப்பவும்." இவ்வளவுதான். நல்லது, கெட்டது, மன்னிப்பு, அறிவுரை ஒன்றும் கிடையாது. இதற்காகவா ஐந்து நாள் காத்துக் கிடந்தேன் என்று முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பெரிய அழுகை இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படித்தேன்னு போட்டிருக்கானா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, நான் விரல் வைத்த இடத்தில் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றேன்.

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நான் படிவத்தை ஊதிக் காயவைத்தேன். பிறகு கேட்டேன். கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் அங்கே போய் நிற்கப்போகிறவள் நான்.

"அந்தச் சத்தம் எப்படிப்பா இருந்துச்சு? எனக்குக் கேட்டா தெரியணும்லா."

அப்பா என்னைப் பார்த்தார். விரலை மடக்கி, மேஜைப் பலகையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பலமாக இல்லை.

"யாரோ கதவத் தட்டுதாங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "யாருன்னு போயிப் பாருங்க."

அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்து, படியிறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.